மஞ்சள் பட்டை

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, போன வாரம் நான் வேலை முடித்துக் கொடுத்த வீட்டுக் குமுதா போன் பண்ணியபோது, ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு சீனர் வீட்டுக் குளியலறையில் மண்டியிட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தேன். கைப்பிடிக் கம்பி மாட்டுவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம். உள்ளே கல் பொள்ளலாக இருந்தால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். வயதானவர்கள் வழுக்கினால் முழு உடம்பையும் அந்தக் கம்பியில்தான் தொங்கவிடுவார்கள். அந்த நேரத்தில் திருகாணி பிடுங்கிக்கொண்டு வந்தால், கம்பியே இல்லாமல் இருந்திருக்கலாம்.

"அக்கா, அம்மா விழுந்துட்டாங்கக்கா" என்றாள் குமுதா. "நீங்க போட்டுக் கொடுத்தீங்களே பலகை, அதுலதான்."

எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்டேன்.

என் பெயர் கெர்ட்ரூட். வயது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருஷம் எலக்ட்ரானிக் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அதை மூடிய பிறகு ஆறு மாதம் ஒரு கோர்ஸ் படித்தேன். இப்போது ஈப்போவைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய், அங்கே இருக்கும் வயதானவர்களுக்குத் தோதாக வீட்டை மாற்றிக் கொடுக்கிறேன். கட்டிலைக் கட்டை வைத்து உயர்த்துவேன். குழாய்த் திருகைக் கழற்றிவிட்டு முழங்கையாலேயே தள்ளும் நீளமான பிடியைப் போடுவேன். விரல் மடங்காதவர்களுக்குக் கரண்டிக் காம்பைத் தடிமனாக்கித் தருவேன். தச்சு வேலையும் வெல்டிங்கும் சுரேன் பொறுப்பு. நாற்பது வயதைத் தாண்டிய பொறுமைசாலி. நான் அளவெடுப்பேன், வரைவேன், அவனைத் திட்டுவேன். தொழில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் செய்த சாமான்களிலேயே எனக்கு அதிகப் பெருமை அந்தச் சரிவுப் பலகையில்தான். வாசற்படி ஏறி இறங்க முடியாதவர்களுக்காகச் செய்தது. நிலைக்கு வெளியே படியை மூடினாற்போல் வைத்து நான்கு திருகாணி போட்டுவிட்டால், நிலையைத் தாண்டியதும் படியில் கால் மாற்றாமல் அப்படியே நடந்து இறங்கிவிடலாம். கண் மங்கியவர்களுக்குச் சிமெண்டும் பலகையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். சரிவு எங்கே தொடங்குகிறது என்று புரியாமல் தடுமாறுவார்கள். அதற்காகப் பலகையின் மேல் விளிம்பில் ஓர் அடி அகலத்துக்குப் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். அந்தப் பட்டையில் பாதம் வழுக்காமல் இருக்க வட்ட வட்டமாக ரப்பர் வில்லைகள் ஒட்டினேன். கடையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது. மூன்று மூன்றாக, இடம் விட்டு, ஸ்கேல் வைத்து ஒட்டினேன்.

முதல் பலகையைத் தூக்கி நிறுத்தியபோது சுரேன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அக்கா, நம்ம வீட்டு நிலை மாதிரியே இருக்குக்கா."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத்தான் பாராட்டு என்றால் காது நீண்டுவிடுமே.

மருத்துவமனையில் குமுதாவின் அம்மா மங்களத்தை அவசரப் பிரிவு நடையிலேயே தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். எழுபத்திரண்டு வயது. போன வாரம் என்னை உட்கார வைத்து மைலோ கொடுத்த அம்மா. வலது கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அந்தக் கால் கிடந்த விதத்திலேயே இடுப்பெலும்பு என்று தெரிந்துவிட்டது. என் கோர்ஸில் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே எழுதியிருந்ததையும் படித்திருக்கிறேன்: இந்த வயதில் இடுப்பு முறிந்தவர்களில் பலர் அடுத்த வருஷத்தைப் பார்ப்பதில்லை.

குமுதா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் குனிந்து, "பலகை வழுக்கிடுச்சாம்மா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. வழுக்கல் எனக்குத் தெரிந்த எதிரி.

"பலகை நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் மங்களம். ஊசி போட்டிருந்ததால் குரல் இழுத்தது. "நீங்க மாட்டின நாள்ல இருந்து பின்பக்கமாவே போய்க்கிட்டு இருந்தேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. தலைக்கு ஊத்திட்டு முன் வாசல்ல கோலம் போடணும்ல? நீங்க மஞ்சளும் குங்குமமும் வெச்சிருக்கீங்க. அது மேல எப்படிம்மா காலை வெப்பேன்? தாண்டினேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒரேயடியாகப் புரிந்தது. நிலைக்கட்டை, அதற்கப்பால் ஓர் அடி மஞ்சள், அதற்கும் அப்பால் இறங்கும் சரிவு. எழுபத்திரண்டு வயதுக் கால் அத்தனையையும் தாண்டிச் சரிவில் குதிகாலை ஊன்றியிருக்கிறது.

"அது பெயிண்ட்தாம்மா" என்றேன், ஏதோ அதைச் சொன்னால் எலும்பு கூடிவிடும் என்பது போல.

"பெயிண்ட்னா என்னா? எங்க வீட்டு நிலைக்கும் பெயிண்ட்தான் அடிச்சிருக்கு. லெச்சுமி பெயிண்ட்ல இருக்க மாட்டாளா?"

அந்த நொடியில் என்னைப் பயம் பற்றிக்கொண்டது. மங்களம் அம்மாவுக்காக இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. மொத்தம் ஆறு வீடுகளுக்கு அந்தப் பலகையைப் போட்டிருந்தேன். மூன்று சீனர் வீடு, ஒரு மலாய்க்காரர் வீடு. அங்கெல்லாம் மஞ்சள் வெறும் மஞ்சள். ஐந்தாவது மங்களம் வீடு. ஆறாவது வீட்டுக்கு நேற்று சாயங்காலம்தான் சுரேன் போய் மாட்டிவிட்டு வந்தான். பீடோருக்கு உள்ளே, பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், தனியாக இருக்கும் என் மாமியார் வீட்டுக்கு.

என் மாமியார் பெயர் ராக்காயி. வயது எழுபத்தொன்பது. நாற்பத்தொரு வருஷம் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். மரமெல்லாம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, லயத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தும், ஈப்போவுக்கு வரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் கூப்பிடும்போதெல்லாம், "மாடி வீட்டுல நான் என்னத்தப் பாக்கறது?" என்பார். முட்டி தேய்ந்துவிட்டது. வாசற்படியில் இறங்கும்போது இடது உள்ளங்கையை நிலையில் ஊன்றி, பக்கவாட்டில் ஒரு கால் ஒரு காலாக இறங்குவார். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். பலகையை முதலில் வரைந்ததே அவரை நினைத்துத்தான்.

வெள்ளிக்கிழமை ராக்காயி அத்தை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்வார். மூன்று மணி வாக்கில் குளித்துவிட்டு முன் வாசலைக் கழுவுவார். கழுவ வேண்டுமானால் தாண்ட வேண்டும்.

மணி பன்னிரண்டே முக்கால்.

போன் அடித்தேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். என் கணவர் தர்மா தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஷிப்டு முடியும்வரை போன் லாக்கரில்தான் கிடக்கும். அடுத்து சுரேனைக் கூப்பிட்டேன். தைப்பிங்கில் இருந்தான்.

"சுரேன், அத்தை வீட்டுல எந்த வாசலுக்கு மாட்டின?"

"ரெண்டு வாசலுக்குமேதான்க்கா. நீங்கதானே ரெண்டு அளவு கொடுத்தீங்க."

நான்தான் கொடுத்தேன். முன்னும் பின்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் கொடுத்தேன். மங்களம் அம்மாவுக்காவது பின்வாசல் இருந்தது.

"மாட்டினப்போ அத்தை ஒண்ணும் சொல்லலையா?"

"ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்கக்கா. மஞ்சள் யாரு வெக்கச் சொன்னதுன்னு கேட்டாங்க. கெர்ட்ரூட் அக்காதான்னு சொன்னேன். ஏன்க்கா?"

அவனுக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அத்தைக்குப் பக்கத்து வீட்டுப் பாப்பா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் தெலுக் இந்தானில் கண் கிளினிக்கில் இருந்தார்.

"கண்ணுக்கு மருந்து ஊத்தி உக்கார வெச்சிருக்காங்க லா. ஒண்ணுமே தெரியல. ஏன், என்னா ஆச்சு?"

"லயத்துல வேற யாராச்சும் இருப்பாங்களாக்கா?"

"இந்நேரம் யாரு இருப்பா? எல்லாம் வேலைக்குப் போயிருக்கும்."

ஆம்புலன்சைக் கூப்பிடலாமா என்றுகூட நினைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? இன்னும் விழாத ஒருவரை வந்து தூக்கச் சொல்வதா? குமுதாவிடம், "வாரேன்மா, சாயங்காலம் திரும்ப வாரேன்" என்றேன். அவள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அம்மாவை உடைத்துப் போட்டுவிட்டு ஓடுகிறவள் என்றுதான் அந்தப் பார்வை சொன்னது. விளக்கம் சொல்ல நின்றால் ஐந்து நிமிஷம் போகும். ஓடினேன்.

நெடுஞ்சாலையில் சிம்பாங் பூலாய் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல் மரத்துப் போனது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் திரும்பத் திரும்ப அத்தைக்கு அடித்துக்கொண்டே போனேன். மணி அடிக்கும், நிற்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவர் வாசலுக்கு வெளியே எப்படி விழுந்து கிடக்கிறார் என்று ஒரு படம் வரும். ஒரு படத்தில் முகம் மண்ணில் இருந்தது. இன்னொன்றில் கண் திறந்திருந்தது. மழை அவர் மேல் பெய்துகொண்டிருந்தது. எல்லாப் படத்திலும் என் மஞ்சள் பட்டை மட்டும் கறைபடாமல் பளிச்சென்று இருந்தது.

அந்தப் பயத்தில் பாதி எனக்காகத்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். துக்க வீட்டில் தர்மாவின் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று கோப்பேங் வருவதற்குள் முழுதாகக் கேட்டுவிட்டேன். வேதக்காரி வந்தா, பலகையைப் போட்டா, கிழவியை அனுப்பிட்டா. கிறிஸ்தவள் என்பதால் நான் அவர்களுக்கு வேதக்காரி. தர்மா அப்படிச் சொல்லமாட்டார். ஒன்றுமே சொல்லாமல் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அது இன்னும் மோசம்.

மஞ்சளும் சிவப்பும் எப்படி என் கண்ணில் படாமல் போனது? ஒரு தமிழச்சிக்கு அது தெரியாதா? கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேதான் கார் ஓட்டினேன்.

கல்யாணம் பதிவு பண்ணிய மறுநாள் தர்மா என்னை முதன்முதலாக அந்த லயத்துக்குக் கூட்டிப்போனார். நான் பட்டணத்தில், கோயில் மணிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். கோயில் என்றால் எங்களுக்குச் சர்ச். புதுச் சேலை, புது ஹீல்ஸ், ஏகப்பட்ட பதற்றம். வாசலில் ஆரத்தித் தட்டோடு அத்தை நின்றார். நான் நிலைக்கட்டையின் மேலேயே ஹீல்ஸோடு ஏறி நின்று அவருக்குக் கைகூப்பினேன். சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நான் உள்ளே போன பிறகு அத்தை ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வந்து அந்தக் கட்டையைக் கழுவி, புதிதாக மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது.

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவேன். இருபத்தேழு வருஷமாக. சண்டை எதுவும் இல்லை. அவர் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைப்பார், நான் அவருக்குப் புடவை எடுப்பேன். என் பெயர் அவர் வாயில் நுழையாது, 'கெத்துரு' என்பார். ஆனால் முன்வாசல் பக்கம் நான் போவதும் இல்லை, அவர் கூப்பிடுவதும் இல்லை. வேலைக்குப் போகும் மற்ற வீடுகளிலும் அதே பழக்கம்தான்: நிலைப்படி வந்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். அளவெடுக்க மட்டும் குனிவேன். எத்தனை அங்குலம் உயரம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அதன் மேல் என்ன பூசியிருக்கிறது என்று பார்த்ததில்லை.

தாப்பாவில் மழை விட்டது. பீடோரில் இறங்கி, கடைத்தெருவைத் தாண்டி, செம்பனைக்கு நடுவே போகும் மண்பாதையில் காரைத் திருப்பியபோது மணி இரண்டு பத்து. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. வேகமாகப் போனால் கார் மாட்டிக்கொள்ளும், மெதுவாகப் போனால் நெஞ்சு வெடிக்கும். மாதாவைக் கூப்பிட்டேன். அதோடு நிறுத்தாமல், தோட்டத்து முனையில் இருக்கும் முனியாண்டியையும் கூப்பிட்டேன். யார் காதில் விழுந்தாலும் சரி.

லயத்துக்கு முன்னால் ஒரு வாய்க்கால் உண்டு. கார் அதுவரைதான் போகும். அதற்கப்பால் முப்பது அடி நடக்க வேண்டும். இன்ஜினைக்கூட நிறுத்தாமல் கதவைத் திறந்தேன்.

வாசலுக்கு வெளியே யாரும் விழுந்து கிடக்கவில்லை. மண்ணில் ஒன்றுமில்லை. அந்த மஞ்சள் பட்டை மழையில் நனைந்து இன்னும் பளபளப்பாக இருந்தது. கால்தடம் எதுவும் அதன் மேல் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் உள்ளே இருட்டில் ஏதோ அசைந்தது.

அத்தை. வாசலுக்கு உள்ளே ஒரு மணையில் உட்கார்ந்திருந்தார். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். "வாம்மா, வா" என்று அவர் வாய் அசைவது தெரிந்தது. வந்தவளை வரவேற்க வாசலுக்கு வருகிறார். இடது உள்ளங்கையை நிலையில் வைத்தார். வலது கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. வழியெல்லாம் வந்தது ஒன்றுமே இல்லை. காலையிலிருந்து பத்திரமாக இருந்த மனுஷியை நான் வந்து எழுப்பிவிட்டேன்.

"அத்தை, வராதீங்க! நில்லுங்க!"

அவருக்கு வலது காது கேட்காது. பின்னால் இன்ஜின் வேறு உறுமிக்கொண்டிருந்தது. நான் ஆசையாகக் கூப்பிடுவதாக நினைத்துத் தலையை ஆட்டினார். வாய்க்காலின் மேல் போட்டிருந்த பலகையில் ஓடினேன். சேற்றில் கால் வழுக்கி ஒரு முழங்கால் தரையில் பட்டது, எழுந்தேன். கையை வீசி வீசிக் காட்டினேன். அவர் குனிந்து பட்டையைப் பார்த்தார். எத்தனை அகலம் என்று கணக்குப் போடுகிறார். பாதம் நிலைக்கு மேலே எழும்பியது. தோல் சுருங்கிய, குதிகால் வெடித்த அந்தப் பாதம் காற்றில் நின்றதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

யோசிக்க நேரமில்லை. சேறு அப்பிய வேலைச் சப்பாத்துக் காலோடு சரிவில் ஏறி, மஞ்சள் பட்டையின் நடுவில், அந்தச் சிவப்பு வட்டங்களின் மேலேயே இரண்டு காலையும் ஊன்றி, அவரை அப்படியே கட்டிப் பிடித்தேன். அவர் பாரம் என் நெஞ்சில் மோதியது. இருவரும் ஆடினோம். கீழே விழவில்லை.

அவர் தூக்கிய காலை மெல்ல உள்ளே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சப்பாத்தைப் பார்த்தார். மஞ்சளின் மேல் கறுப்புச் சேறு வழிந்துகொண்டிருந்தது. அவர் முகம் இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முகமாக ஆனது.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "நீ வெச்சதை நீயே மிதிக்கிற?"

சப்பாத்தை எடுக்கவும் தோன்றவில்லை, விலகவும் தைரியம் வரவில்லை. விலகினால் அவர் மறுபடி தாண்டுவார்.

"நேத்து சுரேன் தம்பி வந்து மாட்டுச்சு" என்றார். "மஞ்ச யாருப்பா வெக்கச் சொன்னதுன்னு கேட்டேன். கெத்துரு அக்காதான்னு சொல்லுச்சு. இத்தனை வருஷத்துல இந்த வாசலுக்கு நீ ஒரு பொட்டு வெச்சதில்ல. நான் கேட்டதும் இல்ல. நீயா வெச்சிருக்க. ரெண்டு வாசலுக்கும் வெச்சிருக்க. அதை நான் மிதிக்கலாமா, சொல்லு? தாண்டலாம்னா முட்டி விடல. அதான் உள்ளயே உக்காந்துட்டேன்."

"நேத்து சாயங்காலத்துல இருந்தா?"

"தண்ணி குடிச்சா வெளிய போகணும்ல. அதனால தண்ணி குடிக்கல."

கழிவறை வீட்டுக்குப் பின்னால், கொல்லையில் இருக்கிறது. இதுவும் எனக்குத் தெரியும். அதற்கும் அளவெடுத்திருக்கிறேன்.

"போன் ஏன் எடுக்கல அத்தை? எத்தனை தடவை அடிச்சேன்!"

அவர் தாடையால் வெளியே காட்டினார். கூரைக்குக் கீழே இருந்த பெஞ்சில் போன் கிடந்தது. சுரேன் வேலை செய்தபோது அங்கே உட்கார்ந்திருந்து, அவனுக்குக் காப்பி கலக்கப் பின்பக்கமாக உள்ளே போனவர் போனை மறந்துவிட்டார். அவன் பின்வாசலையும் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

"அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. தர்மாவுக்குத்தான் என்னமோ ஆச்சுன்னு நெனச்சேன். மூணு தரம் எழுந்து காலைத் தூக்கினேன். மூணு தரமும் பயமா இருந்துச்சு, உக்காந்துட்டேன்."

பதினான்கு முறை அடித்திருந்தேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கோப்பேங்கிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் பதினான்கு முறை அவரை அந்தப் பட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் அத்தை, உங்களுக்காக ஆசையா வெச்சேன் என்று சொல்லியிருந்தால் அவர் மனம் குளிர்ந்திருக்கும். ஆனால் என்னால் முடியவில்லை. மங்களம் அம்மாவின் கால் கிடந்த விதம் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"அத்தை, அது மஞ்சள் இல்ல. பெயிண்ட். கண்ணுக்கு எடுப்பாத் தெரியணும்னு அடிச்சது. சிவப்பு, வழுக்காம இருக்க ஒட்டற ரப்பர். எல்லா வீட்டுக்கும் இதேதான் போட்டேன். நான் ஒண்ணும் நெனச்சு வெக்கல. எனக்குத் தெரியாது அத்தை. ஒரு அம்மா இதைத் தாண்டி விழுந்து இடுப்பு ஒடைஞ்சு கிடக்காங்க."

பேசப் பேச அழுகை வந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்து ஏதோ ஒன்று வடிந்து போனதை நான் பார்த்தேன். இருபது மணி நேரமாக அதை வைத்துக்கொண்டுதான் பசியும் தாகமும் தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அப்ப எனக்காக வெக்கல" என்றார்.

"நீங்க விழுந்துடக் கூடாதுன்னு வெச்சேன்."

அத்தை என் தோளைத் தட்டினார். "சரி, அழுவறதெல்லாம் அப்புறம். மொதல்ல இதக் கழட்டு லா. என்னால அடக்க முடியல."

காருக்கு ஓடி டிரில்லை எடுத்து வந்தேன். "அங்கேயே நில்லுங்க, அசையாதீங்க" என்று பத்து முறை சொல்லியிருப்பேன். நான்கு திருகாணி. மூன்று சுலபமாகக் கழன்றது, நான்காவது சுற்றிக்கொண்டே இருந்து ஒரு வழியாக வந்தது. பலகையை இழுத்துக் கீழே தள்ளியதும் பழைய சிமெண்டுப் படி தெரிந்தது. நடுவில் தேய்ந்து, பாசி பிடித்து, அவருக்குப் பழகிய படி. அத்தை இடது உள்ளங்கையை நிலையில் ஊன்றினார், வலது கையை என் தோளில் வைத்தார், பக்கவாட்டில் ஒரு கால் ஒரு காலாக இறங்கினார். அந்தக் கை நிலையில் எந்த இடத்தில் ஊன்றுகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த இடத்தில் மரம் வழுவழுவென்று குழிந்திருந்தது. அங்கே ஒரு கைப்பிடி மாட்டியிருந்தால் போதும். பலகையே வேண்டியதில்லை. நான் அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அவர் கொல்லையிலிருந்து வரும்வரை வெளியே நின்று குமுதாவுக்குப் போன் பண்ணினேன். நாளைக்குக் காலை அறுவை சிகிச்சை என்றாள். "அம்மா பொழைச்சிருவாங்களாக்கா?" என்று என்னிடமே கேட்டாள். என்ன சொல்வது? தெரியாது என்றேன். சாயங்காலம் வருகிறேன் என்றேன். மங்களம் அம்மா பிழைத்துக்கொண்டார், மூன்று மாதம் கழித்து வாக்கர் பிடித்து நடக்கவும் தொடங்கினார். ஆனால் அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த வாசலுக்கு வெளியே நின்றபோது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருவர் விழுந்துவிட்டார், இன்னொருவர் ஒரு நொடியில் தப்பினார் என்பது மட்டும்தான்.

அத்தை கை கால் கழுவிக்கொண்டு வந்தார். முன்வாசலில் மெதுவாக ஏறினார். உள்ளே போனவர் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தார். நான் வழக்கம்போலப் பின்பக்கம் போகத் திரும்பினேன்.

"எங்க போற?" என்றார்.

"பின்னால அத்தை. அங்கேயும் பலகை இருக்கு, கழட்டணும்."

"அது கெடக்கட்டும். இப்படி வா."

சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படியில் ஏறினேன். எதிரே நிலைக்கட்டை. உண்மையான மஞ்சள், போன வெள்ளிக்கிழமை பூசியது, ஓரங்களில் மங்கியிருந்தது. அதன் மேல் மூன்று குங்குமப் பொட்டு. எட்டு அங்குல உயரம். அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். வலது காலைத் தூக்கப் போனேன். முடியவில்லை. அத்தனை நேரம் ஓடிய கால், இப்போது முட்டிக்குக் கீழே கிடுகிடுவென்று ஆடியது. ஒரு காலில் நின்றால் விழுந்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அத்தை உள்ளே இருந்து என் காலைப் பார்த்தார். ஒரு கையால் நிலையில் அந்தக் குழிந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை என் பக்கம் நீட்டினார்.

"பயப்படாத கெத்துரு, தாண்டு. நான் புடிச்சிக்கிறேன்."